நூற்று நாற்பது சென்டிமீட்டர்

ஏப்ரல் 6, ஞாயிறு

உரக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிக்கு ஒரு யோசனை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய யோசனை, தொழு உரத்தை வெயிலில் காயவிடாதீர்கள். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவளுக்கு இதுவும் தெரிந்திருக்கட்டும்.

மத்தியானம் பெரிய மாமா வீட்டில் கறிச்சோறு. பெரிய மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் நல்லசாமி. கோபியில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். அவர் சம்சாரம் வாசுகி அக்கா என் ஓரகத்தி. நான் எலும்பைக் கீழே வைப்பதற்குள் அக்கா அறிவித்துவிட்டார். இந்த லீவுக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து தீம் பார்க் போகிறோம். முடிவு செய்ய வேண்டியது எந்தப் பார்க் என்பதை மட்டும்தான். ஓசூர்ப் பக்கம் ஸ்கை கிங்டம், இல்லாவிட்டால் பாலக்காட்டுப் பக்கம் அலைச்சோலை.

"எங்க மிதுனுக்கு ஸ்கை கிங்டம்தான் வேணுமாமா. அங்க பெரிய ரைடுக்கெல்லாம் நூத்தி நாப்பது சென்டிமீட்டர் இருந்தாத்தான் உடுவாங்களாம். அவனுக்கு ஒண்ணும் பிரச்சினையில்ல" என்றார். பிறகு என் மகன் சர்வேஷைப் பார்த்தார். இரண்டு பையன்களும் ஆறாவதுதான். "இவனுக்குத்தான், பாவம். நம்ம குடும்பத்துல எல்லாருமே தென்னமரம். இவன் மட்டும் எங்கிருந்து வாங்கிட்டு வந்தானோ போங்க."

சொல்லிவிட்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பார்த்து முடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஏப்ரல் 9, புதன்

கல்யாண சீசன். அளவு ஜாக்கெட்டுகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. நடுவே இரண்டு பார்க்குக்கும் போன் போட்டேன். அலைச்சோலையில் பெரிய ரைடுக்கு நூற்று முப்பது போதுமாம். ஸ்கை கிங்டத்தில் நூற்று நாற்பதுக்கு ஒரு நூல் குறைந்தாலும் விடமாட்டார்களாம். "கடவுளே வந்தாலும் அளந்துதாங்க விடுவோம்" என்றது அந்தப் பெண்.

சர்வேஷைச் சுவரோடு நிறுத்திக் கடை டேப்பால் அளந்தேன். நூற்று முப்பத்தேழு.

ஆகவே அலைச்சோலை. எனக்கு இதில் வேறு ஒன்றும் இல்லை. வாசுகி அக்கா நின்று பார்க்க, ஒரு அளவுகோல் என் பையனை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அது மட்டும் நடக்காமல் இருந்தால் எந்தப் பார்க்கானாலும் சரி, மாட்டுச் சந்தையானாலும் சரி.

ஏப்ரல் 13, ஞாயிறு

துரோகம்.

ஒரு வாரமாக ஓட்டுச் சேகரித்தேன். பெரிய மாமாவிடம் பாலக்காடுதான் கிட்ட, டீசல் மிச்சம் என்றேன். உடனே சரிந்தார். என் வீட்டுக்காரர் குழந்தைவேலிடம் காரணமெல்லாம் சொல்லவில்லை, கையைத் தூக்குங்கள் என்றேன். அக்காவும் மிதுனும் ஸ்கை கிங்டம். இன்று சாயங்காலம் அக்கா வீட்டு ஹாலில் கை தூக்கும் தேர்தல். மூன்றுக்கு இரண்டு, மிச்சம் இருப்பது நான் பெற்ற பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சர்வேஷ் ஸ்கை கிங்டத்துக்குக் கை தூக்கினான்.

மூன்றுக்கு மூன்று ஆனதும் அக்கா பெரிய மாமாவை ஒரு பார்வை பார்த்தார். மாமா தூக்கிய கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டு, "அதுவும் நல்ல பார்க்குதான்" என்று கட்சி மாறினார். கதை முடிந்தது.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன். "ஏன் சாமி இப்பிடிப் பண்ணுன?"

"அங்க நூத்தி நாப்பது இல்லீன்னா கண்டிப்பா உடமாட்டாங்கல்லம்மா?"

"உடமாட்டாங்க கண்ணு."

"யாரு கெஞ்சுனாலும்?"

"யாரு கெஞ்சுனாலும்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விடமாட்டார்கள் என்று தெரிந்தும் அங்கேதான் போகவேண்டும் என்கிறான். பிள்ளையின் ஆசை அப்படி. ஆள் சின்னதாக இருந்தாலும் நெஞ்சு பெரிது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. இந்த வருடத்துச் சபதம், மூன்று சென்டிமீட்டர்.

ஏப்ரல் 16, புதன்

கடையில் புடவை தொங்கவிடும் இரும்புப் பைப்பைக் காலி செய்தேன். காலையிலும் மாலையிலும் சர்வேஷ் அதில் தொங்க வேண்டும். காலையில் இரண்டு முட்டை, ராத்திரி ராகிக் களி. யாரோ சொன்னார்கள் என்று பேரீச்சம்பழமும் வாங்கி வைத்தேன்.

நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை மூட்டுவதற்குள் கீழே குதித்துவிடுகிறான். கை வலிக்கிறதாம். ஜாக்கெட் வாங்க வந்த டீச்சரம்மா, "என்னங்க, பையனக் காயப்போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்கு ஐந்தேமுக்கால் அடி. அவர் சிரிக்கலாம்.

குழந்தைவேல் சாப்பிட வந்தவர் நின்று பார்த்தார். "ஏன் அம்மிணி, அவன் என்ன துணியா, ஒட்டுப்போட்டு நீட்ட?"

"உங்களுக்கென்னங்க, ஆறடி இருக்கறீங்க. அடுக்குல சாமான் எடுக்க ஸ்டூல் போட்டு ஏறுறவளுக்குத்தான் தெரியும்."

எங்கள் கல்யாண போட்டோவில் நான் அவர் தோள் வரை நிற்பேன். முகூர்த்தப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல் என்னை ஏற்றி, புடவைக் கொசுவத்தால் மறைத்து எடுத்த போட்டோ. அது ஊருக்கே தெரியும். வாசுகி அக்கா இருக்கும்போது ஊருக்குத் தெரியாமல் எதுவும் இருக்காது.

ஏப்ரல் 20, ஞாயிறு

முட்டைகள் எங்கே போகின்றன என்று தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு நாய்க்குட்டி மினுமினுவென்று வளர்ந்து நிற்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஆரி வொர்க் ஜாக்கெட். மயில் கேட்டிருந்தார்கள். முடித்துப் பார்த்தால் கோழி மாதிரி இருக்கிறது. மணப்பெண் திரும்பி நின்றால்தான் தெரியும், மேடையில் யார் திரும்பப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

சர்வேஷுக்கு இப்போது விஞ்ஞானத்தில் ஆர்வம் வந்திருக்கிறது. என் போனில் எங்கெங்கோ ராட்டினம் பழுதாகி நடுவானத்தில் நின்றுபோன வீடியோக்களாகப் பார்க்கிறான். "இங்க பாரும்மா, தலகீழா நின்னுபோச்சு. ரெண்டு மணி நேரம் தொங்கியிருக்காங்க" என்று என்னிடமும் காட்டினான். நன்றாகப் பார் கண்ணு, பின்னாடி மெக்கானிக்கல் படிக்கலாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

மே 1, வியாழன்

அளந்தேன். நூற்று முப்பத்தாறரை.

குறைந்திருக்கிறது! களி தின்றால் குறையுமா? மறுபடி அளந்தேன், நூற்று முப்பத்தாறு. மூன்றாவது தடவை அளக்கும்போது குழந்தைவேல் கட்டிலில் படுத்தபடியே, "அவன் முட்டியப் பாரு" என்றார். பேன்ட்டுக்குள் முட்டியை மடக்கிக்கொண்டு நிற்கிறான். நேராக நிற்கக்கூடத் தெம்பில்லை பாவம். நிமிர்த்தி நிறுத்தினால் அதே நூற்று முப்பத்தேழு.

வாசுகி அக்கா போன் பண்ணினார். மிதுன் நூற்று நாற்பத்தைந்தாம். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். "சர்வேசு எவ்ளோ?" என்றார். குக்கர் விசிலடிக்குதுங்கக்கா என்று வைத்துவிட்டேன். அடுப்பில் அப்போது பால்கூட இல்லை.

மே 9, வெள்ளி

நாளைக்குப் பயணம். புளிசாதம், தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய், மாற்றுத்துணி எல்லாம் ஆயிற்று.

பிறகு தொழில் தெரிந்தவள் செய்கிற வேலையைச் செய்தேன். சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸைச் சர்வேஷின் பாத அளவுக்கு வெட்டி, அடுக்கி, ஓரம் அடித்து ஷூவுக்குள் வைத்தேன். ஷூவைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னால் என் தலையையும் தாண்டிவிட்டான்.

"அம்மா, இது ஏமாத்துறதில்லையா?" என்றான்.

"தையல்ல இதுக்குப் பேரு ஃபினிஷிங்" என்றேன்.

மே 11, ஞாயிறு

நேற்று போய் வந்தோம். இடுப்பு விட்டுப்போய்க் கிடக்கிறேன். ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

விடியற்காலை கிளம்பி வெயில் ஏறும்போது போய்ச் சேர்ந்தோம். டிக்கெட் கவுன்டரில்தான் முதல் கூத்து. அங்கே டிக்கெட்டே உயரத்தை வைத்துத்தான். நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால் சின்னப்பிள்ளை டிக்கெட், கையில் பச்சைப் பட்டை. மேலே இருந்தால் பெரியவர் டிக்கெட், சிவப்புப் பட்டை. பெரிய மாமா பலகையைப் படித்தார். அவருக்குள் இருந்த பழைய டவுன்பஸ் ஆசாமி விழித்துக்கொண்டார். மிதுனின் தோளைப் பிடித்து அமுக்கி, "டேய், முட்டிய மடக்கு. கழுத்த உள்ள இழு" என்றார். பஸ்ஸில் அரை டிக்கெட் எடுத்துப் பழகின குடும்பம். வாசுகி அக்காவும் சேர்ந்து, "ஆமா சாமி, கொஞ்சம் குனிஞ்சுக்க" என்றார். மிதுன் ஆமை மாதிரி போய் நின்றான். பச்சைப் பட்டை கட்டினார்கள். மாமா மூணாறில் எஸ்டேட் வாங்கினவர்போல் சிரித்தார்.

அடுத்து சர்வேஷ். நான் பின்னால் நின்று, "நிமிந்து நில்லு, மூச்ச இழு" என்றேன். கவுன்டரில் அளந்த பெண் அவன் காலைப் பார்த்து, "ஷூவக் கழட்டுங்க" என்றது.

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். ஷூவைக் கழற்றியதும் காலர் கேன்வாஸ் அடுக்கடுக்காகக் கீழே விழுந்தது. வாசுகி அக்கா அதைக் குனிந்து பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வெறும் காலோடு சர்வேஷ் அளவுகோலை ஒட்டிப் போய் நின்றான். அவனும் முட்டியை மடக்கத்தான் பார்த்தான், நான் பின்னாலிருந்து ஒரு இடி இடித்தேன்.

"நூத்தி நாப்பதுக்கு மேலதான் இருக்கான். பெரியவங்க டிக்கெட் எடுத்துக்குங்க மேடம்."

இரண்டாவது தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அதிகக் காசு கொடுத்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. தொங்கினது வீண்போகவில்லை, களி வீண்போகவில்லை என்று குழந்தைவேலிடம் பெருமையடித்தேன்.

அவர் பைகளைத் தூக்கிக்கொண்டே, "உன்ற டேப்பு எத்தன வருசத்து டேப்பு?" என்றார்.

"கட போட்டப்ப வாங்கினதுங்க."

"அது இழுபட்டு இழுபட்டு நீண்டு கெடக்குது அம்மிணி. நீண்ட டேப்புல அளந்தா ஆளு கொறச்சலாத்தான் வருவான். அவன் எப்பவோ நூத்தி நாப்பது ஆயிட்டான்."

அப்படியானால் கோபியில் பாதிப் பெண்கள் உடுத்தியிருக்கும் ஜாக்கெட்? "அளந்ததும் அதே டேப்பு, வெட்டுனதும் அதே டேப்பு. சரியாப் போயிருச்சு, உடு" என்றார். தெரிந்தவர் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டால், பையன் தொங்குவதைப் பார்க்க நன்றாக இருந்தது என்கிறார்.

உள்ளே போனால் ராட்சசன் என்று ஒரு ரைடு. காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, மேலே கொண்டுபோய்த் தலைகீழாக உதறி எடுக்கிறது. சிவப்புப் பட்டைக்கு மட்டும்தான். மிதுனின் பச்சைப் பட்டையைப் பார்த்ததும் வெளியே நிறுத்திவிட்டார்கள். "நான் நூத்தி நாப்பத்தஞ்சு!" என்று அவன் கத்த, கவுன்டருக்குத் திரும்பப் போய் உண்மையைச் சொல்லிப் பட்டையை மாற்றச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் அதைப் போய்ச் சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. அக்கா மிதுனோடு கம்பி வேலிக்கு வெளியே நின்றார். பையன் அழுத அழுகையில் அக்காவின் முகமும் சுருங்கிப்போயிருந்தது. குழந்தைவேல் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நான், சர்வேஷ், முன்னால் பெரிய மாமா. வரிசை நகர நகர எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் மகன் மேலே, அவர்கள் மகன் கீழே. இதைவிட என்ன வேண்டும்? உள்ளே நுழைகிற இடத்தில் நின்ற பெண் மாமாவை விட்டது, சர்வேஷை விட்டது. என் முன்னால் கையை நீட்டியது.

"மேடம், நீங்க இப்படி வந்து இந்தக் கோட்டுக்கிட்ட நில்லுங்க."

"நானா? நான் அவனோட அம்மாங்க. சிவப்புப் பட்டை இருக்குது பாருங்க."

"கவுன்டர்ல பெரியவங்கள அளக்க மாட்டாங்க மேடம். இங்க அளப்போம். தோள்மேல இறங்குற கம்பி அம்மாவா புள்ளையான்னு பாக்காது."

நின்றேன். ஊரையெல்லாம் அளந்தவள், என்னை ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. எனக்கு ஜாக்கெட் வெட்டுவதுகூடப் பழைய ஜாக்கெட்டை வைத்துத்தான்.

"ஒரு விரக்கடை கொறையுது மேடம். சாரி."

"எனக்கு நாப்பத்தொரு வயசாச்சு கண்ணு. இனிமே நான் எங்க போயி வளர?"

பின்னால் வரிசையே சிரித்தது. அப்போதுதான் சர்வேஷைப் பார்த்தேன். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அம்மா வரலீன்னா நானும் வரலீங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாமா உள்ளிருந்து, "அட வாடா, பெரியப்பன் இருக்கறேன். சிங்கமாட்ட வந்து உக்காரு!" என்று கூப்பிட்டார். வெளிச்சம் அணைந்துவிட்டது. அவன் என் கையைப் பிடித்தான். ஐஸ்பெட்டிக்குள் வைத்து எடுத்த கை மாதிரி இருந்தது. மேலே ராட்சசனில் போனவர்கள் அலறுகிற சத்தம் வர, அந்தக் கை இன்னும் இறுகியது.

எனக்கு மண்டையில் உறைத்தது. இவனுக்குப் பயம். முதல் நாளிலிருந்தே பயம். எங்கே போனால் தன்னை விடமாட்டார்கள் என்று பார்த்து, அந்தப் பார்க்குக்கு ஓட்டுப் போட்டிருக்கிறான். நான்தான் வீரன், விஞ்ஞானி என்று டைரியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் கோபம்தான் வந்தது. ஒரு மாதம் பாடுபட்டிருக்கிறேன். முதுகில் லேசாக ஒரு தள்ளு தள்ளினால் போதும், மாமா பிடித்து உட்காரவைத்துவிடுவார். வேலிக்கு வெளியே வாசுகி அக்கா பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவன் பயந்து திரும்பினான் என்று தெரிந்தால், குட்டை என்ற பேரோடு பயந்தாங்கொள்ளியும் சேர்ந்துகொள்ளும். இவன் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்.

வேலிப்பக்கம் திரும்பி, சந்தையில் கூவுகிற மாதிரி கூவினேன். "அக்கா! என்னைய உயரம் பத்தலீன்னு நிறுத்திப்போட்டாங்க! கூட்டத்துல தனியா நிக்க எனக்கு ஒருமாதிரி இருக்குது. சர்வேச நாந்தான் தொணைக்குக் கூட்டிட்டு வர்றேன்!"

வரிசை, வேலி, பாப்கார்ன் விற்கிறவர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒரு நொடி புரியாமல் நின்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அய்யோ சாமி! ரைடுக்கே ஆகலியா நீயி? நான் அன்னிக்கே சொன்னேன், முகூர்த்தப் பலகையக் கூடவே எடுத்துட்டு வந்திருக்கோணும்!" அழுதுகொண்டிருந்த மிதுன்கூடச் சிரித்துவிட்டான். காது இரண்டும் எனக்கு எரிந்தது. இதைக் கல்யாண வீடு, எழவு வீடு ஒன்று விடாமல் சொல்லப்போகிறார். சொல்லட்டும்.

சர்வேஷ் என் கையை விடாமல் வரிசையைத் தாண்டி வந்தான். பிறகு, "அம்மா, நீ பொய்தான சொன்னே?" என்றான்.

"எது, உயரமா? அது நெசம்."

"இல்ல, தனியா நிக்க ஒருமாதிரி இருக்குதுன்னது."

"வாய மூடிட்டு வா. எந்த ரைடுக்குப் போலாம்?"

அவன் கை காட்டியது ஒரு கம்பளிப்புழு. சின்னச் சின்னப் பெட்டிகளாகக் கோத்து, மேடும் பள்ளமுமாகச் சுற்றி வருகிறது. அங்கிருந்த பையன் பெரியவர்களை ஏற்றுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தான். என்னைப் பார்த்தான், பேசாமல் கதவைத் திறந்துவிட்டான். பின்பெட்டியில் மிதுன் வந்து, முட்டி காதைத் தொட, மடங்கி உட்கார்ந்தான். குழந்தைவேல் ஒரு காலை உள்ளே விட்டுப் பார்த்து, மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

மகனோடு உட்காரலாம் என்று வாசுகி அக்காவும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பையன் கையை நீட்டி மறித்தான். "நீங்க முடியாதுங்க மேடம். ரொம்ப உயரம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கம்பளிப்புழு கிளம்பிவிட்டது. முதல் பள்ளத்திலேயே சர்வேஷ் கையிரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு கத்திய கத்தலில், சொல்லியிருந்தாலும் அக்காவுக்குக் கேட்டிருக்காது.